குழந்தைகளோடு அயல்நாடு குடிபுகுதல்

(திருவண்ணாமலையில் நடைபெற்ற நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு.)

    

நமது சங்கத்துச் செயலாளர் என்னிடம் வந்து, "நம்மவருள் இளைஞர் பலர் மனைவி மக்களோடு வெளிநாடு செல்லும் காலமாயிருக்கிறது, அவர்களுக்குப் பயன்படும்படி தாங்கள் சில சொல்லவேண்டும்" என்று கேட்டார். முதலில் தயங்கினேன். நான் கடல் கடந்தவனல்லன். என் பயணமெல்லாம் வீட்டிற்கும் பள்ளிக்கூடத்திற்கும் இடையே நடந்து முடிந்தது. ஆயினும் மகளையும் பேரனையும் அயல்நாட்டிற்கு அனுப்பியவன் என்ற முறையிலும், அக்காரியத்தில் ஒரு பிழை செய்து வருந்தியவன் என்ற முறையிலும் பேசலாம் எனத் துணிந்தேன். அப்பிழை யாதென்பதைப் பின்னர்க் கூறுவேன்.

கடல் கடந்தேனும் பொருள் ஈட்டுக என்பது ஔவையார் நமக்கு வகுத்த நெறி. அது வயது வந்தோர்க்குச் சொல்லியது. பொருள் தேடிச் செல்பவன், தான் எதற்காகச் செல்கிறான் என்பதை அறிந்தே செல்கிறான். அங்கே குளிர் வாட்டினாலும், சோறு பிடிக்காவிட்டாலும், மாதச் சம்பளத்தை எண்ணி மனத்தைத் தேற்றிக்கொள்கிறான். மூன்று வயதுக் குழந்தைக்கு அந்தத் தேறுதல் ஏது? அதை யாரும் கேட்பதில்லை. தூக்கிக்கொண்டு போகிறோம், அல்லது விட்டுவிட்டுப் போகிறோம். ஆதலின் இக்காரியத்தில் பெற்றோர்க்குச் சில கடமைகள் உண்டு. அவற்றை மூன்றாக வகுத்துக்கொள்கிறேன்: முதலாவது, பிள்ளையோடு உடனிருத்தல்; இரண்டாவது, மொழியைக் காத்தல்; மூன்றாவது, பிள்ளையின் உரிமையைப் பத்திரப்படுத்தல்.

இதனை விளக்க நான் முதலில் எடுத்துக்கொள்வது நம் ஊரில் நடந்த வரலாறே ஆகும். செங்கம் சாலையில் ரமணாசிரமத்தின் பக்கம் வெளிநாட்டார் பலரை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்களை வேடிக்கை பார்ப்பதோடு நின்றுவிடுகிறோம். அவர்களுக்கும் நம் ஊர் அயல்நாடு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆர்தர் ஆஸ்பர்ன் என்பவர் 1906-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் பயின்றவர். போலந்து நாட்டில் சில காலம் வாழ்ந்து, அந்நாட்டுப் பெண்மணியாகிய லூசியாவை மணந்தார். பின்னர்ச் சயாம் தேசத்திற்குச் சென்று, பாங்காக்கிலுள்ள சூலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் ஆங்கில விரிவுரையாளரானார். 1941-ஆம் ஆண்டில் மனைவியையும் மூன்று குழந்தைகளையும் இந்தியாவிற்கு அழைத்து வந்து, அவர்களை இங்கே விட்டுத் தாம் மட்டும் வேலைக்குத் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் சயாமிற்குள் புகுந்தனர். ஆஸ்பர்ன் சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். 1945-இல் போர் முடிந்த பின்னரே விடுதலை பெற்று, குடும்பம் இருந்த இத்திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார்.

இடைப்பட்ட ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். உறவினர் ஒருவருமில்லாத ஊர். கணவரோ பகைவர் கையில். மடியில் மூன்று குழந்தைகள். மகன் ஆதாம் 1939-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பாங்காக்கில் பிறந்தவன். இந்தியாவிற்கு வந்த ஆண்டில் அவனுக்கு வயது மூன்றுகூட நிறையவில்லை. அந்தச் சிறுவன் நம் ஊர் மண்ணில் ஓடித் திரிந்து வளர்ந்து, தமிழைச் சரளமாகப் பேசினான். பின்னர்க் கொடைக்கானலில் பள்ளியிற் பயின்றான். 1950-ஆம் ஆண்டில், பதினொன்றாம் வயதில், இங்கிலாந்து சென்றான்.

பெற்றோர் பார்வையில் அது சொந்த நாடு திரும்புதல். பிள்ளைக்கோ அதுதான் அயல்நாடு. அவனுக்குத் தெரிந்த ஊர் இந்த மலையடிவாரமும் கொடைக்கானலுமே. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், "சில ஆண்டு இருந்துவிட்டுத் திரும்பிவிடுவோம்" என்று எளிதாகச் சொல்லுகிறார்கள். நீங்கள் திரும்புவீர்கள், அங்கே வளர்ந்த பிள்ளை திரும்புவதில்லை, இரண்டாம் முறை குடிபெயர்கிறது. அந்த ஒன்றை மறவாதிருந்தால் பல தவறுகள் நேரா.

அந்த ஆதாம் ஆஸ்பர்ன்தான் பிற்காலத்தில் அமெரிக்காவில் 1981-ஆம் ஆண்டில், பெட்டிபோல் கையில் எடுத்துச் செல்லத்தக்க கணினியைச் செய்து விற்றுப் பெரும்புகழ் பெற்றவர். ஏறக்குறைய 11 கிலோ எடையுள்ள அக்கருவியின் விலை 1,795 டாலர். 1983-இல் அவர் நிறுவனம் நொடித்தது. உடல்நலம் குன்றிய காலத்தில் அவர் நாடி வந்த இடம் லண்டனுமன்று, கலிபோர்னியாவுமன்று. தாம் பள்ளியிற் பயின்ற கொடைக்கானலே. உடன்பிறந்தாளோடு அங்கே வாழ்ந்து, 2003-ஆம் ஆண்டில் காலமானார். தந்தையாரும் நம் ஊரை விடவில்லை. பிழைப்பின் பொருட்டுச் சில காலம் சென்னையிலும் கல்கத்தாவிலும் வேலை பார்த்தாலும், இங்கேயே வந்து தங்கி, 1964-இல் ஆசிரமத்தின் ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கி, 1970-இல் காலமாகும் வரை அதனை நடத்தினார்.

நிற்க. அக்குடும்பம் போரினால் பிரிந்தது. அப்போதும் தாய் பிள்ளைகளை விட்டு அகலவில்லை. எங்கள் வீட்டிலோ போர் ஏதும் இல்லை. என் சொல்லினாலேயே பிரிவு வந்தது. இனி அப்பிழையைக் கூறுகிறேன்.

என் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் அமெரிக்காவில் வேலை கிடைத்தபோது பேரனுக்கு வயது மூன்று. அவர்கள் அவனையும் அழைத்துச் செல்லவே எண்ணினார்கள். நான்தான் தடுத்தேன். "அந்தக் குளிரில் இந்தப் பச்சைப் பிள்ளை என்ன செய்யும்? இருவரும் வேலைக்குப் போய்விட்டால் யார் சோறு ஊட்டுவார்? ஓராண்டு போகட்டும், வீடு வாசல் அமையட்டும்; அதுவரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றேன். அன்பினால்தான் சொன்னேன், அதில் எங்கள் தனிமைக்கு அஞ்சியதும் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஓராண்டு என்றது இரண்டே முக்கால் ஆண்டாயிற்று. நாள்தோறும் தொலைபேசித் திரையில் தாயின் முகம் காட்டினோம். அவனும் பேசினான், சிரித்தான். குறை ஒன்றுமில்லை என்றே நினைத்தோம். மகள் ஊருக்கு வந்த அன்று வாயிற்படியில் நின்று கைகளை நீட்டினாள். பையன் தன் பாட்டியின் பின்னே ஒளிந்துகொண்டான். பிறகு உள்ளே ஓடித் தொலைபேசியை எடுத்து வந்து என் கையில் கொடுத்து, "தாத்தா, அம்மாவைக் கூப்பிடுங்க, யாரோ வந்திருக்காங்க" என்றான்.

அன்று என் மகள் அழவில்லை. பெட்டியைக்கூடத் திறவாமல் திண்ணையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதம் கழித்து அவனை அழைத்துச் சென்றபோது, விமான நிலையத்தில் பாட்டியின் சேலைத் தலைப்பை அவன் கையிலிருந்து விடுவிக்க வேண்டியதாயிற்று. ஒரு முறை தாயை இழந்த பிள்ளைக்கு, இரண்டாம் முறையும் தாயை இழக்கும்படி செய்தேன். குழந்தை ஊரைப் பிரிந்தால் ஊரைத்தான் பிரிகிறது. தாயைப் பிரிந்தாலோ அதற்கு எல்லா ஊரும் அயலூரே. ஆகையால் தாத்தா பாட்டிமார்களுக்கு ஒரு விண்ணப்பம்: "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லாதீர்கள். இயலுமானால், அவர்கள் சென்ற முதல் சில மாதங்கள் நீங்களே உடன் சென்று, அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். தவிர்க்க முடியாத காரணத்தால் பிள்ளையை விட்டுச் செல்ல நேர்ந்தவரை நான் பழிப்பதாக எண்ணவேண்டா. வழி இருந்தும் விட்டுச் செல்லாதீர் என்பதே என் கருத்து.

இனி மொழியைப் பற்றிக் கூறுவேன். நம் ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து பிள்ளை குட்டிகளோடு கடல் கடந்தது இன்று நேற்றன்று. 1860-ஆம் ஆண்டு அக்டோபரில் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையினின்று புறப்பட்டு, நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்யச் சென்றோர் அதில் இருந்தனர், குழந்தைகளும் இருந்தன. 1911 வரையில் அவ்வாறு நேட்டால் சென்ற இந்தியர் ஏறக்குறைய 1,52,000 பேர். சென்னைத் துறைமுகத்தின் வழியாகச் சென்றோருள் வடஆர்க்காட்டார் மிகுதி. அவர்கள் வழிவந்தோர் இன்றும் கோயில் கட்டிக் கும்பிடுகின்றனர், காவடி எடுக்கின்றனர், நம் பெயர்களையே சூட்டிக்கொள்கின்றனர். ஆயினும் அவருள் மிகப் பலர்க்கு வீட்டில் வழங்கும் மொழி ஆங்கிலமே. மொரீசியசுத் தீவில் பணத்தாளிலேயே தமிழ் எழுத்து அச்சிடப்படுகிறது. 1998-இல் அவ்வெழுத்தின் வரிசை மாறியபோது அங்குள்ள தமிழர் கிளர்ந்தெழுந்தனர். அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. எனினும் அத்தமிழரின் வீடுகளில் பெரும்பாலும் கேட்கும் மொழி கிரியோல்.

மலாய் நாட்டு நிலை வேறாயிற்று. 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தார் பள்ளி நடத்தவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகள் பல கொட்டகைகளாகவே இருந்தன. ஓர் ஆசிரியரே எல்லா வகுப்பிற்கும். ஆயினும் அந்தக் கொட்டகைகளே தமிழைக் காத்தன. இன்றும் மலேசியாவில் 500-க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் நடைபெறுகின்றன. சிங்கப்பூரிலோ தமிழ் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று. பள்ளியில் பாடமாகவும் இருக்கிறது. அப்படியிருந்தும் 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, அங்குள்ள இந்தியருள் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் மிகுதியாய்ப் பேசுவது ஆங்கிலமே.

இவற்றால் நாம் அறிவது யாது? எழுத்து பணத்தாளில் இருந்தாலும் போதாது. பாடம் பள்ளியில் இருந்தாலும் முழுதும் போதாது. வீட்டில் சோறு போடும்போது பேசும் மொழியே பிள்ளையிடம் நிற்கும். பழைய பாவு முடியுந்தறுவாயில், அதன் இழை நுனியோடு புதுப் பாவின் இழை நுனியை ஒவ்வொன்றாகப் பிணைப்பதை நம் தறிகளில் பார்த்திருப்பீர்கள். பிணைக்காமல் விட்ட இழை தானே வந்து சேர்வதில்லை. பாட்டியின் பேச்சுக்கும் பேரனின் பேச்சுக்கும் இடையே அவ்வாறு பிணைக்கும் வேலை தாய் தந்தையருடையது.

"வீட்டில் தமிழ் பேசினால் பள்ளியில் பின்தங்குவான்" என்று சிலர் அஞ்சுகின்றனர். அச்சம் வேண்டா. இரண்டு மொழி கேட்டு வளர்வதனால் குழந்தையின் அறிவோ பேச்சோ குன்றுவதில்லை என்பது அறிஞர் பலரும் ஆராய்ந்து கண்ட முடிபு. அந்நாட்டு மொழியைப் பள்ளியும் விளையாட்டுத் திடலும் தாமே கற்பித்துவிடும். புதிய பள்ளியில் சேர்ந்த குழந்தை சில வாரமோ சில மாதமோ வாய் திறவாமலிருப்பதுண்டு. அப்போது அது கேட்டுச் சேமித்துக்கொண்டிருக்கிறது. என் பேரன் நான்கு மாதம் வகுப்பில் ஒரு சொல்லும் பேசவில்லை. ஐந்தாம் மாதத்தில் வாக்கியமாகவே பேசினான் என்று அவன் ஆசிரியை எழுதினார். அக்காலத்தில் பிள்ளையை ஏசுவதும், பிறர் முன்னே "பேசு, பேசு" என்று நெருக்குவதும் தவறு. பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இவ்வருத்தம் மிகுதி; அவர்களை முன்னரே கலந்து பேசி, போகுமிடத்தைப் பற்றி உண்மையைச் சொல்லி, இங்குள்ள நண்பர்களோடு தொடர்பு அறாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது கடமை உரிமைகளைப் பற்றியது. இஃது உலர்ந்த பேச்சாகத் தோன்றலாம். இதனை அசட்டை செய்தோர் பிள்ளைகளின் எதிர்காலத்தையே இடரில் வைத்தார்கள்.

முதலில் பெயர். நமக்கு முதலெழுத்து வழக்கமே அன்றிக் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை. கடவுச்சீட்டில் தந்தை பெயர் பிள்ளைக்குக் குடும்பப்பெயராகிறது. தந்தைக்குப் பாட்டன் பெயர். தாய்க்கோ அவள் தந்தையின் பெயர். ஒரே குடும்பத்தில் மூவர்க்கு மூன்று குடும்பப்பெயர் அமைந்து, எல்லையிலும் பள்ளியிலும் "இது உங்கள் பிள்ளைதானா?" என்ற கேள்வி எழுகிறது. புறப்படுமுன்னரே எல்லோர் கடவுச்சீட்டிலும் பெயரை ஒழுங்குசெய்து, பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, தடுப்பூசிக் குறிப்பேட்டையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்து, அந்தந்த நாட்டுச் சட்டம். அமெரிக்காவில் எச்-1பி அனுமதியில் வேலை செய்வோரின் பிள்ளைகள் எச்-4 என்னும் சார்பு அனுமதியில் வாழ்கின்றனர். பிள்ளைக்கு 21 வயது நிறைந்ததும் அவ்வனுமதி தீர்ந்துபோகிறது. எந்த ஒரு நாட்டாரும் நிரந்தரவாச அனுமதியில் ஆண்டுக்கு 7 விழுக்காட்டிற்கு மேல் பெறலாகாது என்ற வரம்பினால், இந்தியர் பல்லாண்டு காத்திருக்கிறார்கள். இரண்டு வயதில் சென்று, அந்நாட்டுப் பள்ளியிலேயே படித்து, வேறோர் ஊரும் அறியாத பிள்ளை, இருபத்தோராம் வயதில் வேறு அனுமதி தேடவோ வெளியேறவோ நேர்கிறது. சிங்கப்பூரில் பெற்றோர் வாயிலாக நிரந்தரவாசம் பெற்ற ஆண்பிள்ளை, 18 வயதளவில் இரண்டாண்டுத் தேசிய சேவைக்கு உட்படவேண்டும். அதனைப் பிள்ளையின் பெயரில் விண்ணப்பம் எழுதும் நாளிலேயே சிந்திக்கவேண்டும்; பதினேழாம் வயதில் விழித்துக்கொள்வதில் பயனில்லை.

இனி, அங்கே பிறக்கும் பிள்ளைகள். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாளுக்குப் பின் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு வம்சாவழியால் இந்தியக் குடியுரிமை வேண்டுமானால், ஓராண்டிற்குள் நமது தூதரகத்தில் பதிவு செய்தல் வேண்டும். தவறினால் மத்திய அரசின் அனுமதி பெறவேண்டும். நமது தேசம் இரட்டைக் குடியுரிமையை ஒப்புவதில்லை. அயல்நாட்டுக் குடியுரிமை ஏற்ற பிள்ளைக்கு, கடல்கடந்த இந்தியர்க்குரிய அட்டை பெறலாம். அது நெடுங்காலம் வந்து வாழ உதவுமே அன்றி, வாக்குரிமை தாராது. எது நன்று என்பது அவரவர் நிலைமையைப் பொறுத்தது. தெரிந்து முடிவு செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

முடிவாக, நம் சங்கத்தார்க்கு ஒரு சொல். முற்காலத்தில் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் குடிபோனவர்க்கு, நம்மவர் முதல் நாள் சோறிட்டுத் தறி போட இடம் காட்டினார்கள். அதே காரியத்தை இன்று கடல் கடந்தும் செய்யலாம். எந்நகரத்தில் நம்மவர் யார் இருக்கிறார்கள் என்னும் பட்டியல் ஒன்றைச் சங்கம் அவரவர் இசைவோடு வைத்திருக்கட்டும். புதிதாகச் செல்லும் குடும்பத்தை ஏற்கெனவே சென்றவர் ஒருவர் வரவேற்று, முதல் வாரம் சோறும், மருத்துவர் இருக்குமிடமும், பிள்ளைக்கு ஒரு விளையாட்டுத் துணையும் காட்டிக்கொடுக்கட்டும். அவ்வாறு உதவும்போது நம் குலத்தார் என்று மட்டும் பாராமல், தமிழ் பேசும் எவர் பிள்ளையாயினும் நம் பிள்ளை என்று கொள்ளுங்கள். லூசியா அம்மையார்க்கும் அவர் மக்களுக்கும் இவ்வூரில் உறவினர் என்று ஒருவரும் இல்லை. ஆயினும் அச்சிறுவனுக்கு இவ்வூர் சொந்தமாயிற்று.

என் பேரனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குக் கவலையாயிருக்கும். அவனுக்கு இப்போது ஒன்பது வயது. தாயிடம் ஒட்டிக்கொள்ள ஓராண்டுக்கு மேலாயிற்று, இப்போது ஒட்டிக்கொண்டான். இரவுச் சாப்பாட்டின்போது தமிழே பேசுவது என்ற விதியை என் மகள் ஒரு நாளும் தளர்த்துவதில்லை. சென்ற கார்த்திகைத் தீபத்தன்று மாலையில் அவன் எங்களை அழைத்தான். அங்கே அப்போது காலை, பள்ளிக்குப் புறப்படும் நேரம். "மலையில தீபம் ஏத்தியாச்சா, தாத்தா?" என்று கேட்டான். ஏற்றியாயிற்று என்றேன். அவன் பாட்டி தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கி, மாடிக்குச் சென்று, அதனை மலையின் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.